ஊசி எழுதிய ஏடுகள்: குடும்பங்களில் வழிவழி வரும் பூத்தையல்

அரபு மொழியில் 'ரகம' என்றொரு வினைச்சொல் உண்டு. எழுதினான் என்பது அதன் ஒரு பொருள். துணியில் கோலமிட்டான், பூவேலை செய்தான் என்பது மற்றொரு பொருள். அதன் பெயர்ச்சொல்லாகிய 'ரக்ம்' இன்று எண்ணைக் குறிக்க வழங்குகிறது. பழைய நூல்களில் அதுவே கோலமிட்ட துணியையும் குறித்தது. எழுத்தையும் தையலையும் ஒரே வேர்ச்சொல்லால் வழங்கிய மக்கள், இரண்டையும் ஒரு தன்மையவாகக் கண்டனர் எனக் கொள்ளலாம்.

தமிழிலும் இதற்கிணையான நயம் உண்டு. 'தையல்' என்பது தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். தைத்தலுக்குத் 'துன்னம்' என்பது பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துகையில் துன்னகாரரையும் சேர்த்துக் கூறுகிறது. இவற்றோடு பாரசீகமும் வந்து கலந்தது. பொன்னைக் குறிக்கும் 'ஸர்' என்னும் சொல்லே நம் நாவில் ஜரிகையாயிற்று. அதனோடு தைத்தலைக் குறிக்கும் 'தோஸி' சேர்ந்து ஜர்தோசி என்னும் வேலைப்பாட்டின் பெயராயிற்று.

இத்தனை மொழிகளும் வந்து கூடியிருக்கும் இக்கலையின் எச்சங்கள் நம் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் மடித்து வைக்கப்பட்டுக் கிடக்கின்றன. 'இது யார் தைத்தது?' என்று வினவினால், 'உம்மா தைத்தது' என்றோ 'நன்னியம்மா தைத்தது' என்றோ ஒரு தலைமுறை வரை விடை கிடைக்கும். அதற்கு அப்பால், 'வீட்டில் இருந்தது' என்பதே விடையாகிவிடுகிறது. துணி இருக்கிறது, தைத்தவரின் பெயர் போய்விடுகிறது. பூத்தையலைப் போற்றுதல் என்பது அதன் அழகை வியப்பதோடு முடிவதன்று. தைத்த கையை அறிதல், அப்பெயரைக் காத்தல், துணியை அடுத்தவரிடம் முறைப்படி சேர்த்தல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். இக்கட்டுரை அம்மூன்றையும் விளக்க முற்படுகிறது.

நம் பகுதி வீடுகளில்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, கோட்டக்குப்பம் முதலிய ஊர்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. செஞ்சிக் கோட்டை 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானின் கைக்கு வந்தது. அவர் பெயரால் கோட்டைக்குள் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. இப்பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் தக்னி உருது பேசும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வருகின்றனர். ஆதலால் ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒரு வீட்டில் குர்ஆன் உறை எனப்படுவது மறு வீட்டில் ஜுஸ்தான். இங்கே ஸுப்ரா எனப்படும் உணவு விரிப்பு அங்கே தஸ்தர்கான்.

இவ்வீடுகளில் தலைமுறை கடந்து வரும் தையல் பொருள்கள் பெரும்பாலும் சிறியவை. குர்ஆன் உறை, முஸல்லா, தலையணை உறை, மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்குட்டை, துப்பட்டியின் ஓரம், தொப்பி, பிறந்த குழந்தைக்குத் தைத்த சட்டை, கறுப்பு வெல்வெட்டில் ஜரிகையால் இறைநாமம் பொறித்த சுவர்த் தொங்கல் ஆகியவை அவை. இவற்றை விலைக்குத் தைத்தவர் இலர். மணநாளுக்கும் மகப்பேற்றுக்கும் பெருநாளுக்குமாக வீட்டுப் பெண்கள் தம் ஓய்வு நேரத்தில் தைத்தவை.

இவர்கள் இதை எங்கே கற்றனர் என்பதைத் துணியே ஓரளவு சொல்லும். தாயிடமும் அத்தையிடமும் கற்றது முதல் வழி. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பு இரண்டாம் வழி. கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் குறுக்குத் தையலால் கிளியும் ரோஜாவும் ஆங்கில எழுத்துகளும் தைத்த தலையணை உறைகள், பெரும்பாலும் அவ்வகுப்பின் வழிவந்தவை. கிறித்தவக் கன்னியர் மடங்களின் தையற்கூடங்கள் மூன்றாம் வழி. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து பணி தொடங்கினர். அவர்களது பூத்தையல் நிலையம் இன்றளவும் கைவேலைக்குப் பெயர் பெற்றது. தெற்கே நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் குருமாரின் மனைவியர் 1820களில் பெண்களுக்குப் பின்னல் லேஸ் வேலையைக் கற்பித்தனர். பிரான்சு நாட்டின் முலூஸ் நகரில் 1746இல் தொடங்கப்பெற்ற டி.எம்.சி. நிறுவனத்தின் நூல் கண்டுகளும், பின்னர் பரவலான ஆங்கர் நூலும் இவ்வழிகளில் நம் வீட்டுத் தையற்பெட்டிகளுள் புகுந்தன. ஒரு முஸ்லிம் வீட்டின் முஸல்லா ஓரத்தில் பிரெஞ்சு முடிச்சுத் தையல் காணப்பட்டால் வியப்படைய வேண்டியதில்லை. ஒரு பெண் எங்கெங்கே கற்றாள், யார் யாரோடு பழகினாள் என்பதற்கு அதுவே சான்று.

இச்சான்றுகள் இன்று விரைந்து மறைகின்றன. பழைய பட்டு, பழைய ஜரிகை என்று குரல் கொடுத்துத் தெருவில் வருவோரிடம் துணி எடைக்குப் போகிறது. அவர்களுக்கு வேண்டுவது ஜரிகையிலுள்ள வெள்ளி. துணி எரிந்து வெள்ளி மட்டும் மிஞ்சுகிறது. பருத்தித் துணியாயின் அடுப்படிக் கைப்பிடித் துணியாகிவிடுகிறது. வீடு மாறும்போதும் வீட்டுக்குரிய மூதாட்டி மறையும்போதும் இது மிகுதியாக நிகழ்கிறது.

நபிமொழித் தொகுப்புகள் காட்டும் காட்சிகள்

தையலையும் துணியையும் பற்றிய செய்திகள் நபிமொழித் தொகுப்புகளில் பல உள்ளன. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கைத்தொழிலால் ஈட்டியதை ஏழைகளுக்கு வழங்கியவர்கள்; தோலைப் பதனிட்டுத் தைப்பது அவர்களது தொழிலாக இருந்தது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் செய்தி. பெருமானார் (ஸல்) அணிந்த அங்கி ஒன்றை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பாரசீக வகையைச் சேர்ந்த அவ்வங்கியின் கழுத்துப் பகுதியிலும் பிளவின் ஓரங்களிலும் பட்டு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அது முதலில் ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்தது என்றும், அவர்களின் மறைவுக்குப் பின் தம்மிடம் வந்தது என்றும், நோயாளிகளின் நலன் வேண்டி அதைக் கழுவி நீர் எடுப்பது வழக்கம் என்றும் அஸ்மா (ரலி) கூறினார்கள். நபிமார்களின் உடைமைக்கு வாரிசுரிமை இல்லை என்பது தனிச்சட்டம். ஆதலால் இதைப் பங்கீட்டுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் பேணுதலுக்கு இது தக்க சான்று. அவ்வங்கி யாருடையது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது, எப்படிப் பயன்பட்டது என்னும் மூன்று செய்திகளும் துணியோடு சேர்ந்தே கைமாறின. அறிவிப்பாளர் வரிசை நபிமொழிக்கு மட்டுமன்று, ஓர் ஆடைக்கும் இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

மற்றொரு செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். ஒரு பெண்மணி ஓரம் சேர்த்து நெய்த போர்வை ஒன்றைக் கொணர்ந்து, தம் கையாலேயே நெய்ததாகக் கூறிப் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அளித்தார். அவர்களும் தேவையுடன் ஏற்று அணிந்தார்கள். அதைக் கண்ட தோழர் ஒருவர் தமக்கு வேண்டுமெனக் கேட்கவே, அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதுவே அத்தோழரின் கஃபன் துணியாயிற்று. போர்வையின் வரலாறு முழுமையாக நமக்குக் கிடைத்துள்ளது. நெய்த பெண்மணியின் பெயர் மட்டும் அவ்வறிவிப்பில் இல்லை.

சட்டநூல்கள் வகுத்த எல்லைகளும் இத்தகைய நிகழ்ச்சிகளிலிருந்து பிறந்தவையே. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. எனினும் இரண்டு, மூன்று, நான்கு விரல் அகலம் வரை விதிவிலக்கு உண்டு என்பதை உமர் (ரலி) அறிவித்தார்கள். ஆண்களின் ஆடையில் கழுத்து, முன்கை, ஓரம் ஆகிய இடங்களில் பட்டு வேலைக்கு இவ்வளவே எல்லையாயிற்று. பெண்களுக்கு இத்தடை இல்லை. கோலமிட்ட மேலாடை ஒன்று தொழுகையில் கவனத்தை ஈர்த்தமையால், பெருமானார் (ஸல்) அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பி, அவரிடமுள்ள கோலமில்லாத ஆடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பூவேலை அதனால் விலக்கப்படவில்லை. அது இருக்கத்தக்க இடம் எது என்பதே உணர்த்தப்பட்டது. முஸல்லாவின் ஓரத்தில் மட்டும் பூவேலை செய்து, நெற்றி படும் இடத்தை வெறுமையாக விடும் வழக்கம் இதற்கு இணங்கியதே.

உருவம் பொறித்த திரைச்சீலை பற்றிய செய்தியையும் இங்கே கருத வேண்டும். தொங்கவிட்ட அத்திரை பெருமானாருக்கு உவப்பாக இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அதை வெட்டித் தலையணையாக்கினார்கள். உருவங்கள் குறித்து அறிஞரிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டாயினும், மிதிக்கவும் சாயவும் பயன்படும் பொருள்களில் அவற்றுக்கு இடமளித்தோர் பலர். பாட்டி தைத்த தலையணை உறையில் கிளி இருக்கிறது என்பதற்காக அதை எரித்துவிடத் துணிவோர், முதலில் இச்செய்தியை அறிஞரிடம் கேட்டுத் தெளிவது நன்று.

திராஸ் முதல் கிஸ்வா வரை

கலீஃபாக்களின் காலத்தில் பூத்தையல் ஆட்சியின் அடையாளமாக வளர்ந்தது. பாரசீக வழிவந்த 'திராஸ்' என்னும் சொல், முதலில் பூவேலையையும், பின்னர் எழுத்து பொறித்த ஆடை ஓரத்தையும், அதைச் செய்யும் அரசுத் தொழிற்கூடத்தையும் குறிக்கலாயிற்று. கலீஃபாவின் பெயரும் வாழ்த்தும், சிலவற்றில் ஊரும் ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டன. இப்னு கல்தூன் (1332-1406) தம் முகத்திமாவில் திராஸ் பற்றித் தனியே எழுதியுள்ளார்.

இக்கலையின் புகழ்பெற்ற எச்சம் ஒன்று இன்று வியன்னா நகரின் அரச கருவூலத்தில் உள்ளது. சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலர்மோ நகர அரசத் தொழிற்கூடத்தில் ஹிஜ்ரி 528இல் (1133-34) தைக்கப்பட்ட சிவப்புப் பட்டு மேலங்கி அது. மன்னர் கிறித்தவர், ஆனால் அங்கியின் ஓரத்தில் கூஃபி எழுத்தில் அரபு வாசகம். பிற்காலத்தில் ஐரோப்பியப் பேரரசர்கள் முடிசூடும்போது இதனையே அணிந்தனர். தைத்த இடமும் ஆண்டும் அவ்வாசகத்தில் உள்ளன. தைத்தோரின் பெயர் இல்லை.

கஅபாவின் கிஸ்வா இம்மரபின் இன்றைய உச்சம் எனலாம். நெடுங்காலம் எகிப்திலிருந்து அனுப்பப்பட்டு வந்த கிஸ்வாவுக்கு 1927இல் மக்காவிலேயே தொழிற்கூடம் அமைந்தது. பெருமளவு பட்டும், பொன்முலாம் பூசிய கம்பியும், வெள்ளிக் கம்பியும் ஒரு கிஸ்வாவுக்குத் தேவைப்படுகின்றன. எழுத்துகளின் உருவில் பஞ்சு நூலைத் திணித்து மேடாக்கி, அதன்மேல் உலோக இழையை வைத்துக் கட்டித் தைப்பது இதன் முறை. துல்ஹஜ் மாதத்தில் மாற்றப்பட்டு வந்த கிஸ்வா, 2022 முதல் முஹர்ரம் முதல் நாளில் மாற்றப்படுகிறது. இறக்கிய பழைய கிஸ்வாவைத் துண்டுகளாக்கி வழங்கும் வழக்கம் தொன்மையானது. அத்துண்டுகள் உலகெங்கும் குடும்பங்களில் பேணப்படுகின்றன.

தாயிடமிருந்து மகளுக்கு

அரசத் தொழிற்கூடங்களுக்கு வெளியே, வீட்டுக்குள் வளர்ந்த தையலுக்கு ஃபலஸ்தீனம் சிறந்த எடுத்துக்காட்டு. 'தத்ரீஸ்' என வழங்கும் அந்நாட்டுப் பூத்தையலைத் தாய் மகளுக்குக் கற்பிப்பார். பெண்களின் நீண்ட அங்கியில் மார்புப் பகுதியிலும் பக்கங்களிலும் அமையும் கோலத்தையும் நிறத்தையும் கொண்டு அணிந்தவரின் ஊரை அறிந்து கூற முடியும். 1948இல் பல இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். கிராமங்கள் பல அழிந்தன. ஊர் இல்லாமற்போன பின்னரும் ஊரின் கோலம் அங்கிகளில் எஞ்சியது. யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் இக்கலையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வங்காளத்தின் 'நக்ஷி காந்தா' மற்றொரு வகை. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்து, அதன்மேலேயே பூக்களும் காட்சிகளும் தைத்த போர்வை அது. புடவைக் கரையிலிருந்து உருவிய இழையே நூலாகப் பயன்பட்டதும் உண்டு. 'கந்தா' என்னும் அவ்வடசொல்லே தமிழில் 'கந்தை' ஆயிற்று. நாம் இழிவாகச் சொல்லும் ஒரு சொல், அங்கே ஒரு கலைக்குப் பெயராக உயர்ந்து நிற்கிறது. இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் ஒரு செய்தி உண்டு. தம்மைக் காண வந்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, அன்னை ஆயிஷா (ரலி) தம் பழைய ஆடையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டு வியந்தவரிடம், பழையதை உடுத்தாதவருக்குப் புதியதும் இல்லை என்னும் கருத்துப்படப் பதிலளித்தார்கள். ஒட்டுப் போட்ட துணியைக் குறையாகக் காணும் கண்ணுக்கு இது மருந்து.

நம் தமிழகத்தில் நீலகிரித் தோடர் பெண்களின் பூத்தையல் குறிப்பிடத்தக்கது. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்கூட்டி வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே தைப்பர். அதற்குப் புவிசார் குறியீடு 2013இல் வழங்கப்பட்டது. அவர்களின் போர்வை இறந்தோர்க்கும் போர்த்தப்படுவது. வாழ்வின் தொடக்கம் முதல் இறுதி வரை தையல் உடன் வருகிறது.

தைத்த கையை அறியும் வழி

வீட்டிலுள்ள துணியைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முன்புறம் அழகைக் காட்டும். பின்புறம் வரலாற்றைக் காட்டும். தையல் ஆசிரியைகள் மாணவியரின் வேலையைப் புரட்டிப் பார்த்தே மதிப்பிட்டதும் இக்காரணம் பற்றியே.

பொறி செய்த தையலில் இரண்டு நூல்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பின்புறத்தில் ஓடும் அடிநூல் பெரும்பாலும் ஒரே வெள்ளை நிறமாக இருக்கும்; பூவுக்குப் பூ அளவு மாறாது. கைவேலையில் பின்புறத்திலும் அதே வண்ண நூல் தெரியும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவிய தடமும், நூல் முனையைச் செருகிய இடமும், முடிச்சும் காணப்படும். கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியால் சட்டத்தில் துணியை இறுக்கித் தைத்த வேலையில், முன்புறம் சங்கிலியும் பின்புறம் நேர்கோடும் தெரியும்.

இன்னும் நுணுகிப் பார்த்தால் தனியொருவரின் பழக்கமே புலப்படும். குறுக்குத் தையலில் மேலே படியும் இழை எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்கலாம். ஒருவர் தைத்தால் அது பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். பாதியில் சாய்வு மாறினால் மற்றொருவர் கை சேர்ந்திருக்கலாம். தாய் தொடங்கியதை மகள் முடித்ததாகவும் இருக்கலாம். ஒரே இலையில் பச்சை சற்றே வேறுபட்டால், ஒரு கண்டு தீர்ந்து வேறு கண்டு வாங்கியதன் அடையாளம் அது. கரித்தாள் கொண்டு படியெடுத்த நீலக்கோடு பூவிதழின் ஓரத்தில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. இவை குறைகள் அல்ல. எந்தப் பொறியும் தர இயலாத கையொப்பங்கள்.

ஜரிகையைப் பொறுத்தவரை, பட்டிழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது பழைய உயர்வகை. செம்புக் கம்பி கொண்டது அடுத்தது. பளபளக்கும் நெகிழி இழை அண்மைக் காலத்தது. வெள்ளி ஜரிகை நாட்பட்டுக் கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். அது கெட்டுப்போனதன் அடையாளமன்று.

பேணும் முறை

பழந்துணிக்குப் பெரும்பகை நல்லெண்ணத்துடன் செய்யும் துப்புரவே. கறுத்த ஜரிகையை எலுமிச்சையாலோ புளியாலோ பற்பசையாலோ தேய்த்தால் முலாம் போய்விடும். நீரில் நனைக்குமுன், ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் மெல்ல ஒற்றிப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் நனைக்கவே கூடாது. சாயம் நிற்கும் பருத்தித் துணியை மட்டும், மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் கசக்காமல் அலசி, துண்டின்மேல் பரப்பி நிழலில் உலர்த்தலாம். பூவேலையைத் தலைகீழாகத் தடித்த துண்டின்மேல் வைத்துப் பின்புறமாகவே இஸ்திரி போட வேண்டும்.

கஞ்சி போட்டு வைத்தல் ஆகாது. அது பூச்சிகளை அழைக்கும். குண்டூசியும் பின்னும் துருப்பிடித்துத் துளையிடும்; அவற்றை நீக்கிவிட வேண்டும். நெகிழிப் பைக்குள் ஈரம் தங்கும். கஞ்சி நீங்கத் துவைத்த பழைய வெள்ளைப் பருத்தித் துணியே சிறந்த உறை. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் அம்மடிப்பிலேயே இழை அறும். இயன்றவரை சுருட்டி வைக்கலாம். மடிப்பதாயின் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வெளியே எடுத்து நிழற்காற்றில் ஆற விடுவது நம் பகுதிக்கு மிக இன்றியமையாதது. உலர்ந்த வேப்பிலையையும் இரசக்கற்பூர உருண்டையையும் சிறு துணிப்பையில் இட்டு, பூவேலையில் படாதவாறு வைத்தல் நலம். கிழிந்த இடத்தைப் புதுத் துணியால் மறைப்பதைவிட, இழையோட்டம் அறிந்தவரைக் கொண்டு நிறுத்துவது மேல்.

பேணுதல் என்றால் பூட்டி வைப்பது மட்டுமன்று. உறுதியாக உள்ள ஸுப்ராவைப் பெருநாளில் விரிக்கலாம். தொட்டில் துணியைப் புதுக் குழந்தைக்கு ஒருநாள் போர்த்தலாம். பயன்படும் பொருளுக்கே கதை சொல்லும் வாய்ப்பு அமைகிறது.

உரிமையும் பங்கீடும்

இத்தகைய துணிகள் மூத்த மகளுக்கே உரியவை என்றொரு வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வழக்கம் இனியதாயினும் சட்டத்தை மறந்துவிடலாகாது. இறந்தவர் விட்டுச் சென்றது குறைவாயினும் மிகுதியாயினும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது சூரத்துன் நிஸாவின் ஏழாம் வசனம் நிறுவும் நெறி. ஊசியும் அதில் அடங்கும்; ஊசியால் தைத்ததும் அடங்கும். பெட்டியைத் திறந்து ஒருவர் எடுத்துச் சென்றுவிட, மற்றவர் மனத்தில் ஆண்டுக்கணக்கில் வடு நிற்பதைக் காண்கிறோம். துணியின் விலை சிலநூறு ரூபாயாக இருக்கலாம். உறவின் விலை அதுவன்று.

இதற்கு வழிகள் உள்ளன. தைத்தவரோ உடையவரோ தம் வாழ்நாளிலேயே அன்பளிப்பாகக் கையளித்துவிடலாம். கைப்பற்றுதல் நிகழ்ந்தால்தான் அன்பளிப்பு நிறைவுறும். 'எனக்குப் பின் உனக்கு' என்று சொல்வது அன்பளிப்பாகாது, மரணசாசனமாகிவிடும். வாரிசுக்குச் செய்யும் மரணசாசனமோ ஏனைய வாரிசுகளின் ஒப்புதலின்றி நிறைவேறாது. அன்பளிப்பிலும் பிள்ளைகளிடையே நீதி பேணுமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி வற்புறுத்துகிறது. பெரும்பாலான சட்ட அறிஞர்கள் இதை வலியுறுத்தப்பட்ட நற்செயல் என்றும், ஹன்பலீ அறிஞர்கள் கடமை என்றும் கொள்வர். மகளுக்குத் தாயின் துப்பட்டி என்றால் மகனுக்குத் தந்தையின் தொப்பியோ வேறொன்றோ அளிப்பது எளிது.

மரணத்துக்குப் பின் எனில், எல்லா வாரிசுகளும் கூடியிருந்து, பேணத் தக்க ஒருவரிடம் துணியை ஒப்புவிக்கலாம். அதன் மதிப்பை அவர் பங்கில் கழிக்கலாம். அல்லது ஏனையோர் மனமுவந்து தம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். சிறுவயது வாரிசு இருப்பின் அவர் பங்கைப் பிறர் விட்டுக்கொடுக்க உரிமையில்லை என்பதை மறத்தலாகாது. சமமாகப் பகிர்கிறோம் என்று ஒரே துணியைக் கத்தரித்துத் துண்டுபோடுவது நீதியாகாது. பிரித்தால் பயனிழக்கும் பொருளை வலிந்து பிரிக்காமை சட்டநூல்கள் ஏற்ற நெறியே.

பெயர் எழுதுதல்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் பலவற்றில் ஒன்று பொதுவாக நிற்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். போர்வை நெய்த பெண்மணி, பலர்மோ மேலங்கியைத் தைத்தோர் ஆகியோரின் பெயர் அவற்றைப் பற்றிய செய்தியிலும் வாசகத்திலும் இல்லை. மன்னரின் பெயரைத் தைத்த கை தன் பெயரைத் தைத்துக்கொள்ளவில்லை. அரசுகள் தவறவிட்டதைக் குடும்பங்கள் செய்ய முடியும். ஏனெனில் தைத்தவரைக் கண்ணால் கண்டவர் குடும்பத்தில் இன்னும் ஒருவரேனும் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டுவது எளியது. துணியை இருபுறமும் நிழற்படம் எடுத்து வைக்கலாம். வீட்டில் மூத்தவரிடம், தைத்தவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த நாளுக்காகத் தைத்தார், யாரிடமிருந்து யாரிடம் வந்தது ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். உறுதியாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் வேறுபடுத்திக் குறிக்க வேண்டும். நபிமொழி அறிவிப்பாளர் நமக்குக் கற்பித்த ஒழுங்கு அது. பின்னர், வெள்ளைப் பருத்தி நாடாவில் அப்பெயரைச் சாயம் போகாத நூலால் தைத்து, துணியின் பின்புற ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையலால் இணைக்கலாம். பசையும் ஒட்டுநாடாவும் கூடா.

பெயர் தைக்க ஊசி பிடிக்கத் தெரிய வேண்டும். வீட்டிலுள்ள பேரனோ பேத்தியோ அதற்காகவேனும் ஓட்டுத் தையலும் காம்புத் தையலும் கற்றுக்கொள்வர். பாட்டியின் பெயரைத் தைத்துப் பழகிய கை, அடுத்துத் தன் பெயருக்குரிய ஒன்றைத் தைக்கத் தொடங்கும். பெயரற்ற துணிகள் உலகின் அருங்காட்சியகங்களில் நிறைந்து கிடக்கின்றன. நம் வீட்டுத் துணிகளை அவற்றோடு சேராமல் காக்க, மூத்தவர் நம்மிடையே இருக்கும் இக்காலமே உரிய காலம்.